கொட்டான் வெறுமையாகத் திரும்பக் கூடாது

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை விடுதிகளாக நடத்திவரும் ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், அந்த வீடுகளின் மேலாளர்களுக்கும், அடுப்படிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,



உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது; குரல் தெரியும். "நாளைக்குச் சாயங்காலம் இருபது பேர் வர்றாங்க, அஞ்சு கிலோ தேன்குழல், ரெண்டு கிலோ சீப்புச் சீடை, மாவுருண்டை கொஞ்சம்" என்று நீங்கள் போனில் சொல்ல, "சரிங்க ஆச்சி" என்று மறுமுனையில் சொல்பவள் நான். காரைக்குடியில் என் வீட்டுப் பின்கட்டில்தான் அடுப்பு. எனக்கு முன்னால் என் அம்மா இதே வேலையைச் செய்தார். கல்யாணம் என்றால் பத்து நாள் முன்னதாகவே கூப்பிட்டு அனுப்புவார்கள். பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில் அடுப்பு மூட்டி, சீர்ப் பலகாரம் முழுவதையும் போட்டு முடித்து, கை முழுக்க எண்ணெய் வாசத்தோடு அம்மா வீடு திரும்புவார். அந்த வாசத்தில் வளர்ந்தவள் நான்.

போனில் "சரிங்க" என்பதற்கு மேல் நான் எதுவும் பேசியதில்லை. சொல்ல வேண்டியது சேர்ந்துகொண்டே போயிற்று. ஒருவருக்கு மட்டும் எழுதினால் அவர் மேல் குறை சொன்னதாகிவிடும். இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பதில்லை என்பதால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன மார்கழியில் ஒரு விடுதிக்குப் பலகாரம் கொண்டுபோனேன். எந்த விடுதி என்பது வேண்டாம். வழக்கமாக ஒரு தம்பி வண்டியில் வந்து வாங்கிப்போவார். அன்று அவர் வரவில்லை. நானே பனையோலைக் கொட்டானில் அடுக்கி, மேலே வாழையிலை போட்டு மூடி, ஆட்டோவில் போய் இறங்கினேன். வளவு வழியாக அடுப்படிக்குப் போகும்போது தூண் ஓரமாக ஒரு நீள மேசையைப் பார்த்தேன். அதன் மேல் ஒரு மரப்பலகை. பலகையில் மூன்று வகைச் சீஸ்: ஒன்று வெண்ணெய் போல வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்றில் நீல நரம்பு ஓடியிருந்தது. பக்கத்தில் கறுப்புத் திராட்சை, கொஞ்சம் பாதாம். இவற்றைச் சுற்றி அரைவட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து, பழுப்பு நிற பிஸ்கட்டுகள். பிரித்துப்போட்ட அட்டைப்பெட்டி ஜன்னல் மேடையில் கிடந்தது. கடல் கடந்து வந்த சரக்கு. இஞ்சி போட்ட ஓட்ஸ் பிஸ்கட் என்று அதில் எழுதியிருந்தது.

அடுப்படியில் இருந்த பையன் என் கொட்டானை வாங்கி, சீப்புச் சீடையை ஒரு எவர்சில்வர் பேசினில் கொட்டினான். "யாருக்குத் தம்பி?" என்று கேட்டேன். "டிரைவர்களுக்கு, நைட் டியூட்டி ஆளுங்களுக்கு" என்றான். வெறும் கொட்டானை என் கையில் கொடுத்தான்.

வண்டி ஓட்டுபவர் என் பலகாரத்தைச் சாப்பிடுவது எனக்குக் குறைச்சல் இல்லை. என் வீட்டுக்காரரும் வண்டி ஓட்டுபவர்தான். விருந்தாளிக்கு எது போகிறதோ அது அவருக்கும் போகட்டும் என்பதே என் நியாயம். எனக்கு வலித்தது வேறு. எந்த வீட்டின் இரண்டாங்கட்டில் என் அம்மா சீப்புச் சீடை சுற்றினாரோ, அதைப் போன்ற ஒரு வீட்டில், அந்தச் சீடையால் இரண்டாங்கட்டைத் தாண்டி வளவுக்கு வர முடியவில்லை. எங்கிருந்தோ வந்த பிஸ்கட் வளவில் உட்கார்ந்திருக்கிறது. ஆறேழு நாள் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

கோபத்தில் எழுதக்கூடாது என்று காத்திருந்தேன். அந்த பிஸ்கட்டைச் சாப்பிடாமல் அதைப் பற்றிப் பேசுவதும் நியாயமில்லை. மதுரைக்குப் போன தங்கச்சி மகனிடம் சொல்லி ஒரு டப்பா வாங்கிவரச் சொன்னேன். ஒன்றை எடுத்துக் கடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. கடித்ததும் சடக்கென்று உடைகிறது. முதலில் வெண்ணெய், பிறகு தானியத்தின் வறுத்த வாசம், எல்லாம் அடங்கிய பிறகு தொண்டையில் இஞ்சியின் எரிப்பு. உப்பும் கொழுப்புமான சீஸோடு இது ஏன் போகிறது என்பதும் புரிந்தது. கொழுப்பு நாக்கில் படியும்போது இஞ்சி அதை வெட்டிவிடுகிறது. விருந்துச் சாப்பாட்டில் இஞ்சிப் பச்சடி செய்யும் வேலை அது. அந்த பிஸ்கட்டைச் செய்தவர் தொழில் தெரிந்தவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இரண்டாவது பிஸ்கட்டை மெல்லும்போதுதான் மனதில் ஒன்று பட்டது. வறுத்த தானியம், கறுத்த இனிப்பு, இஞ்சி. இது எனக்குப் பழக்கமான கூட்டு ஆயிற்றே! நம் பொரிவிளங்காய் உருண்டை இதுதானே? அரிசியும் பயறும் வறுத்து அரைத்து, வெல்லப் பாகு காய்ச்சி, சுக்கும் ஏலமும் இடித்துப் போட்டு, சூடு ஆறுவதற்குள் கை பொறுக்கப் பிடிக்கிற உருண்டை. பல் இல்லாத பாட்டி வாயில் அடக்கிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கக் கரைக்கிற அதே பலகாரம்.

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் 'பார்கின்' என்று ஓட்ஸ் மாவிலும் இஞ்சியிலும் கரும்புப் பாகிலும் ஒரு பலகாரம் செய்கிறார்கள். நவம்பர் 5-ஆம் தேதி ஊரெல்லாம் நெருப்பு மூட்டிக் கொண்டாடும் இரவில் அது இல்லாமல் முடியாது. ஸ்காட்லாந்தில் ஓட்ஸ் ரொட்டியைச் சீஸோடு தின்பது பழைய வழக்கம். ஏன் ஓட்ஸ்? அந்தக் குளிரிலும் ஈரத்திலும் கோதுமை சரியாக விளையாது, ஓட்ஸ் விளையும். தங்கள் மண் கொடுத்த தானியத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இஞ்சி அவர்களுக்கு விளையாது. அது நம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிப் போனது. சொந்தத் தானியத்தில் வாங்கிய இஞ்சியைப் போட்டு, தங்கள் திருநாளுக்குத் தாங்களே பலகாரம் செய்துகொண்டார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் புத்தியை. நாம் எடுத்துக்கொண்டது டப்பாவை.

உங்கள் முன்னோர் இப்படிச் செய்தவர்கள் இல்லை. இதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை; உங்கள் வீடே சொல்லும். பர்மாத் தேக்கு வந்தது, ஆனால் அதில் யாளியையும் கஜலட்சுமியையும் செதுக்கியது நம் ஊர்த் தச்சர் கை. வெளிநாட்டுப் பூக்கல் கப்பலில் வந்துகொண்டிருந்த காலத்தில்தான், ஆத்தங்குடியில் உள்ளூர் மணலைச் சலித்து, சிமெண்டும் சாயமும் கலந்து, கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றிக் கல் வார்த்தார்கள். இன்று உலகத்தில் எங்கே போய்க் கேட்டாலும் ஆத்தங்குடிக் கல் என்றுதான் பேர். கவுனி அரிசி எந்த ஊர் அரிசி? பர்மாவிலிருந்து வந்தது. இன்று செட்டிநாட்டுக் கல்யாணத்தில் கவுனி அரிசி இல்லாத இலை உண்டா? ரங்கூன் புட்டு என்று பேரிலேயே ஊரை வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பலகாரமாக உட்கார்ந்திருக்கிறது. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்தபோது, கடையையும் கணக்கையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காடு மலை தாண்டி நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். கொண்டுவர முடியாதவை அங்கேயே போயின. நாக்கில் ஏறியிருந்த கவுனி மட்டும் போகவில்லை.

வெளியூர்ப் பண்டம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். வரட்டும். வந்தது நம் கைக்குள் வரட்டும் என்கிறேன். பக்கத்திலேயே பாருங்கள். தூத்துக்குடி மக்ரூன் ஐரோப்பாக்காரர்களின் பலகாரம். அங்கே அதற்குப் பாதாம்; இங்கே முந்திரி. முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்து கூம்புக் கூம்பாக நிற்கிற அதை இன்று தூத்துக்குடிப் பலகாரம் என்றுதான் எல்லோரும் வாங்கிப்போகிறோம். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கத்தில் பிறந்த ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் மணப்பாறை முறுக்குக்கும் கிடைத்தது. கடல் கடந்து வந்ததற்கும் ஊரிலேயே பிறந்ததற்கும் ஒரே மரியாதை. இரண்டையும் செய்கிற கை அந்த ஊரில் இருக்கிறது என்பதுதான் காரணம்.

இனி எங்கள் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

சீப்புச் சீடை சுற்றுவதை நீங்கள் கிட்ட இருந்து பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று? அரிசி மாவும் உளுத்தம் மாவும் தேங்காய்ப்பாலில் பிசைந்து, வரி விழும் அச்சில் போட்டுப் பிழிந்தால் நாடா நாடாவாக இறங்கும். அதை விரல் நீளத்துக்கு வெட்டுவோம். ஒரு துண்டை எடுத்து ஆள்காட்டி விரலைச் சுற்றி வளைத்து, இரண்டு முனையையும் கட்டைவிரல் நுனியால் ஒரே ஒரு அழுத்து. அழுத்தம் குறைந்தால் எண்ணெயில் வாய் பிளக்கும். கூடினால் அந்த இடம் வேகாமல் கல்லாக நிற்கும். மாவு காய்ந்துவிடாமல் ஈரத்துணி மூடியிருக்க வேண்டும். ஒரு கிலோ சுற்றி முடிப்பதற்குள் இடுப்பு கேட்க ஆரம்பித்துவிடும். இதை எந்த மெஷினும் செய்து நான் பார்த்ததில்லை. என்னோடு சுற்ற ஒரு காலத்தில் ஆறு பேர் இருந்தார்கள். இப்போது இரண்டு பேர். மற்றவர்கள் ஜவுளிக்கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே மாசம் பிறந்தால் சம்பளம். இங்கே கல்யாண மாசத்தில் தூக்கம் இல்லை, ஆடியிலும் மார்கழியிலும் வேலை அதிகம் இல்லை.

உங்கள் விடுதிகளுக்கு ஆட்கள் அதிகம் வருவது எப்போது? மார்கழிக் குளிரில்தானே? எங்கள் அடுப்பு பெரும்பாலும் அணைந்திருக்கும் மாசத்தில் உங்கள் வளவு நிறைந்திருக்கிறது. இந்த ஒரு கணக்கை நீங்கள் மனதில் வாங்கிக்கொண்டால் போதும், என் மடலில் பாதி முடிந்தது.

அந்த டப்பாவைத் தின்று முடித்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. கொடைக்கானல் சீஸ் கொஞ்சம் வரவழைத்தேன். சென்னையிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் நீல நரம்புச் சீஸ் ஒரு துண்டு கொண்டுவந்தாள். என் பலகாரம் ஒவ்வொன்றையும் அவற்றோடு வைத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது என்று பொய் சொல்ல மாட்டேன். தேன்குழல் பொருந்தவில்லை, எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்து நாக்கை மூடிவிட்டன. மாவுருண்டை பொருந்தவே இல்லை. ஆனால் சீப்புச் சீடையின் தேங்காய்ப்பால் வாசம் வெள்ளைச் சீஸோடு ஒட்டிக்கொண்டது. அதன் வளையத்துக்குள் ஒரு துளி சீஸ் வைத்தால் கையில் எடுக்கவும் தோதாக இருக்கிறது. நீல நரம்புச் சீஸுக்கு மனகோலம். அந்தச் சீஸின் உப்பையும் உறைப்பையும் வெல்லப் பாகு தாங்கிப்பிடிக்கிறது. இடையில் தேங்காய்ச் சில்லு கடிபடும்போது வாய் தெளிகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மஞ்சள் சீஸுக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. அதற்கு அந்த இஞ்சி பிஸ்கட்டே சரி என்று பட்டது. அப்படியானால் அதை இங்கே செய்ய முடியாதா?

ஓட்ஸ் நம் மண்ணில் விளையாது. ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் மானாவாரியில் குதிரைவாலி விளைகிறது. 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. அதை ஐக்கிய நாடுகள் சபையில் கேட்டு வாங்கியது நம் நாடுதான். குதிரைவாலியை வாசம் வரும்வரை வறுத்து, பாதியை ரவையாக உடைத்து, பாதியை மாவாக்கினேன். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைக் காய்ச்சி, மண் போக வடிகட்டினேன். சுக்கின் தோலில் நஞ்சு என்பார் அம்மா. தோலைச் சீவி, இடித்துச் சலித்தேன். நெய் விட்டுப் பிசைந்து, தட்டி, டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டி, பக்கத்துத் தெரு பேக்கரியில் ரொட்டி எடுத்த பிறகு இருக்கும் தணிந்த சூட்டில் வைத்துக் கொடுக்கச் சொன்னேன்.

முதல் முறை எடுக்கும்போதே பொடிந்து போயிற்று. பேக்கரிக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "அக்கா, ஓட்ஸ் ஈரம் பட்டா தானா கொழகொழன்னு ஒட்டும். இதுல ஒட்டுறதுக்கு என்ன இருக்கு?" அவர் சொன்னது சரி. குதிரைவாலிக்கு அந்தக் குணம் இல்லை. அப்போது அம்மாவின் அதிரசம் ஞாபகம் வந்தது. அதிரசத்தில் பச்சரிசி மாவை எது பிடித்து வைக்கிறது? பாகு. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் உருட்டினால் திரண்டு வருகிற பதம். கருப்பட்டியை அந்தப் பதத்துக்குக் காய்ச்சி மாவில் ஊற்றி, ஒரு ராத்திரி மூடி வைத்து, மறுநாள் தட்டினேன். நாலாவது முறை நின்றது. சடக்கென்று உடைந்தது. கருப்பட்டியின் புகை வாசம் முதலில், சுக்கின் எரிப்பு கடைசியில். மஞ்சள் சீஸோடு வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தபோது, அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டது.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. வெளியூர் பிஸ்கட்டுக்கு வேண்டிய அறிவு இந்த ஊர் அடுப்படியில் ஏற்கெனவே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். பாகு பதம் தெரிந்த பெண்கள் பள்ளத்தூரில், கோட்டையூரில், தேவகோட்டையில், கானாடுகாத்தானில் இன்னும் இருக்கிறார்கள். கேட்பார் இல்லாமல் இருக்கிறார்கள்.

நீங்கள் சொல்லக்கூடியவற்றையும் யோசித்தேன். "ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருமா?" என்பீர்கள். கல்யாணச் சீருக்கு ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் தேன்குழலும் முறுக்கும் அடுக்கிக் கொடுத்தவர்கள் நாங்கள். ஒன்று சிறுத்திருந்தாலும் சம்பந்தி வீட்டில் பேச்சு வரும் என்று பயந்து வேலை செய்தவர்கள். அளவு எங்களுக்குப் புதிதல்ல. "சுத்தம்?" உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறேன். பதிவு இல்லாதவர்களுக்கு அதை வாங்கிக்கொடுக்க நானே கூட நடப்பேன். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் வந்து எங்கள் அடுப்படியைப் பார்க்கலாம். "எத்தனை நாள் தாங்கும்?" வாரம் ஒருமுறை புதிதாகச் செய்து தருகிறோம். சிக்கு வாடை வர விடமாட்டோம். செய்த தேதியை ஒட்டித் தருவோம். "கோதுமை ஒத்துக்கொள்ளாத விருந்தாளிகள் கேட்கிறார்களே?" குதிரைவாலியில் கோதுமைப் பசை கிடையாது. ஆனால் ரொட்டி சுட்ட அடுப்பில் சுட்டதை அப்படிச் சொல்லி விற்க மாட்டோம். உள்ளதை உள்ளபடி எழுதித் தருவோம். தனி அடுப்பு வைக்கும் அளவுக்கு வேலை வந்தால் அதையும் செய்வோம்.

"விருந்தாளிகள் கேட்பதைத்தானே வைக்கிறோம்" என்பீர்கள். இதைப் பணிவோடு மறுக்கிறேன். 1990-களின் இறுதியில் காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி 'பங்களா' விடுதியைத் திறந்து, வாழையிலை போட்டுச் செட்டிநாட்டுச் சாப்பாடு பரிமாறியபோது, வெளிநாட்டுக்காரர்கள் வந்து அதைக் கேட்டா பரிமாறினார்? அவர் வைத்தார், வந்தவர்கள் சாப்பிட்டார்கள், பிறகு அதற்காகவே வந்தார்கள். உங்கள் மத்தியான இலை இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஆனதும்தான் வீடு தன் பேரை மறந்துவிடுகிறது.

இன்னொன்றும் உங்கள் ஊர்க் கதைதான். பனையோலைக் கொட்டான் ஒரு காலத்தில் பிளாஸ்டிக் கூடைக்கு முன்னால் தோற்று மூலையில் கிடந்தது. விசாலாட்சி ராமசாமி ஆச்சி முன்னின்று, முடையத் தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து, இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வேலைக்கு விலை வைத்தார். 2013-இல் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019-இல் கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது. அந்தப் பெண்கள் மேல் யாரும் இரக்கப்பட்டுக் கொட்டான் பிழைக்கவில்லை. விடாமல் வேலை வந்தது, பிழைத்தது. இன்று உங்கள் வரவேற்பறையில் கொட்டான் இருக்கிறது, கட்டிலில் கண்டாங்கி இருக்கிறது, தரையில் ஆத்தங்குடி இருக்கிறது. கொட்டானுக்குள் இருக்க வேண்டியது மட்டும் இல்லை.

2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அன்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பூட்டிக் கிடந்து கரையான் தின்ற வீடுகளைத் திறந்து, மேங்கோப்பு மாற்றி, விளக்கேற்றி வைத்தவர்கள் நீங்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. உங்களால்தான் எங்கள் ஊரில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. ஆனால் வீடு என்பது முகப்பும் வளவும் மட்டுமா? இரண்டாங்கட்டும் வீடுதான். தூணுக்கு மெருகேற்ற ஆள் தேடுகிற நீங்கள், அந்தத் தூணுக்குப் பின்னால் புகை படிந்த சுவர் ஓரம் உட்கார்ந்து பலகாரம் போட்ட கைகளையும் தேட வேண்டாமா?

இப்போது என் வேண்டுகோளைச் சொல்கிறேன். ஒன்றே ஒன்றுதான்.

வளவில் வைக்கிற அந்தச் சாயங்காலப் பலகையில், இந்த ஊரில் செய்த பலகாரத்துக்கு நிலையான இடம் கொடுங்கள். வாரம் ஒரு ஆர்டர், வருஷம் முழுக்க. அளவு சிறியதாக இருக்கட்டும். இரண்டு கிலோ போதும். ஆனால் அது ஆடியிலும் வர வேண்டும், மார்கழியிலும் வர வேண்டும். ஆள் வராத வாரத்தில் அரைக் கிலோ சொல்லுங்கள், முற்றிலும் நிறுத்தாதீர்கள். நிலையாக ஒரு ஆர்டர் இருந்தால் ஜவுளிக்கடைக்குப் போன பெண்ணை நான் தைரியமாகத் திரும்பக் கூப்பிடுவேன். அவளுக்கு மாசச் சம்பளம் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியும். இருபது விடுதிகள் இப்படிச் செய்தால், இந்த ஊர்களில் இருக்கும் பலகாரக்காரிகள் ஒருவர்கூட அடுப்பை அணைக்க வேண்டியிருக்காது. என்னிடமே கொடுங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் கொடுங்கள். அவருக்குக் குதிரைவாலி பிஸ்கட்டின் பக்குவம் வேண்டுமென்றால் நான் வந்து கற்றுக்கொடுக்கிறேன்; காசு வேண்டாம்.

பலகையின் ஓரத்தில் ஒரு சின்ன அட்டையில் செய்தவர் பேரை எழுதி வையுங்கள். சீஸ் எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதுகிறீர்கள் அல்லவா? அதே எழுத்தில், அதே அளவில், "சீப்புச் சீடை, செய்தவர் இன்னார், கோட்டையூர்" என்று இருக்கட்டும். விருந்தாளி படித்தாலும் படிக்காவிட்டாலும், பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து கொடுப்பவர் ஒருநாள் அதைப் பார்ப்பார்.

வெளிநாட்டு பிஸ்கட்டை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதுவும் இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். எதை எடுப்பது என்பதைச் சாப்பிடுபவர் கை முடிவு செய்யட்டும். தோற்றால் நாங்கள் பக்குவத்தைத் திருத்திக்கொள்கிறோம். எங்களைப் பலகைக்கே கூப்பிடாமல் தோற்கடித்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். கையளவு சர்க்கரையோ, நாலு வெற்றிலையோ, கொல்லையில் பறித்த ஒரு எலுமிச்சம்பழமோ, ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் கொடுப்போம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அம்மா. அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது உங்கள் வீட்டு ஆச்சிமார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்களில் முடிந்தவரை எல்லோருடைய வீட்டுக்கும் ஒரு கொட்டான் வரும். அதில் சீப்புச் சீடை, மனகோலம், கருப்பட்டியும் சுக்கும் போட்ட குதிரைவாலி பிஸ்கட் மூன்றும் இருக்கும். விலை கிடையாது. நீங்களும் வீட்டில் இருப்பவர்களும் சாப்பிட்டுப் பாருங்கள், உங்கள் பலகையில் வைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் போனில் சொல்லிவிடுங்கள், மனத்தாங்கல் இல்லை. பிடித்திருந்தால், கொட்டானைத் திருப்பி அனுப்பும்போது அதற்குள் ஒரு துண்டுக் காகிதம் போட்டு அனுப்புங்கள். அடுத்த வாரத்துக்கு எத்தனை கிலோ என்று மட்டும் எழுதியிருந்தால் போதும்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
காரைக்குடிப் பலகாரக்காரி